ஏழு நாள் நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: அதில் ஒரு நாள் எப்படிப் போகும்?

கேட்டவர் சென்னைக்காரர். வாரக் கடைசியில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிற பழக்கம் உள்ளவர். வேலை விஷயமாகக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயரப் போகிறார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை எய்ட்ஸ் நிதிக்காக ஏழு நாள் கூட்டமாக சைக்கிள் ஓட்டுவார்களாமே, அதில் ஒரு நாள் எப்படி இருக்கும், தன்னால் முடியுமா, இத்தனை பாடு படுவதற்குப் பதில் பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் என்ன என்று மூன்று கேள்விகள்.

முதலில் ஒரு செய்தி. நீங்கள் சொல்லும் எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் பயணம் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. செலவு ஏறிக்கொண்டே போனது, சேருகிறவர்கள் குறைந்தார்கள், அதனால் அதுவே கடைசி என்று முந்தைய ஆண்டே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் இன்று நடக்கும் பல நிதிப் பயணங்களின் அன்றாட நடைமுறை இதைப் போலத்தான் இருக்கிறது. நான் இதில் ஓட்டியும் இருக்கிறேன், ஓட்டுகிறவர்களுக்கு வேலை பார்த்தும் இருக்கிறேன். எனவே எனக்குத் தெரிந்த இதை வைத்தே சொல்கிறேன்.

மொத்த தூரம் 545 மைல், நம் கணக்கில் கிட்டத்தட்ட 877 கிலோமீட்டர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுவார்கள், சில நூறு பேர் தொண்டர்களாக வேலை செய்வார்கள். அந்தத் தொண்டர்களுக்கு ரோடீஸ் என்று பெயர். ஏழு நாளில் எதைச் சொல்லலாம் என்றால் நான் மூன்றாம் நாளைத்தான் எடுப்பேன். கிங் சிட்டியிலிருந்து பாசோ ரோபிள்ஸ் வரை, ஏறக்குறைய 65 மைல். முந்தைய நாள் சாண்டா குரூஸிலிருந்து நூறு மைலுக்கு மேல் ஓட்டி வந்திருப்பீர்கள். ஆகவே அன்றைய தூரம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். நீங்கள் மாமல்லபுரம் போய்த் திரும்பும் தூரம்தான். ஆனால் அதற்குள் ஒரு மலையேற்றம், ஒரு வெயில், ஒரு சின்ன ஊர் மூன்றும் இருக்கின்றன.

காலை நாலரைக்கெல்லாம் கூடாரங்களின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அலாரம் வைக்கவே தேவையில்லை, பக்கத்துக் கூடாரம் எழுப்பிவிடும். ஒரு கூடாரத்துக்கு இரண்டு பேர். தனியாக வந்தவருக்கு அவர்களே ஒரு கூடாரத் தோழரை ஒதுக்குவார்கள். வரிசைக்கு எழுத்து, இடத்துக்கு எண் என்று கூடாரத்துக்கு ஒரு விலாசம் உண்டு. இரவில் கழிப்பறை போய்விட்டுத் திரும்பும்போது அந்த விலாசம் மறந்துபோனால் தீர்ந்தது கதை. ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கூடாரங்கள். ஹேண்டில்பாரில் ஒரு துணியோ பொம்மையோ கட்டுவது போலக் கூடாரத்தின் உச்சியிலும் ஏதாவது கட்டி வைப்பது அனுபவசாலிகள் வழக்கம்.

விடியற்காலையில் கிங் சிட்டி குளிரும். சலீனாஸ் பள்ளத்தாக்கின் ஊர், கடற்காற்று இரவில் உள்ளே வரும். கூடாரத்துணி பனியில் நனைந்திருக்கும். அதை அப்படியே சுருட்டி, பையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போய் ஏற்ற வேண்டும். உங்கள் கூடாரத்தைப் பிரிப்பதும் மாலையில் திரும்பக் கட்டுவதும் உங்கள் வேலை. லாரியில் ஏற்றி இறக்குவதற்கு ரோடீஸ் கைகொடுப்பார்கள். பிறகு கழிப்பறை வரிசை, சாப்பாட்டு வரிசை, தண்ணீர் வரிசை, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் வரிசை. முதல் இரண்டு நாளில் இந்த வரிசைகள்தான் எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் ஆளுக்கு ஆள் பேச்சுக் கொடுக்கப் பழகியிருப்பார்கள்.

ஆறரை மணி வாக்கில் பாதை திறக்கும். அதற்கு முன் யாரும் கிளம்ப முடியாது. அதேபோல மாலையில் பாதை மூடும் நேரமும் உண்டு. இடையில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனித்தனி மூடும் நேரம். இந்த நேரக் கணக்கை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நாளை நடத்துவது இதுதான். வேகமாகப் போகிறவருக்குப் பரிசு கிடையாது. இது பந்தயம் இல்லை என்பதை வாயால் மட்டும் சொல்லவில்லை, விதியாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் காற்றுக்கு மறைந்து போவது, அதாவது டிராஃப்டிங், தடை. ஒற்றை வரிசை. காதில் ஹெட்ஃபோன் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது. கிளப்பில் நாலு பேரோடு ஓட்டிப் பழகியவர்களுக்கு டிராஃப்டிங் தடை கசக்கும். ஆனால் புதியவர்களும் பழையவர்களும் கலந்த இரண்டாயிரம் பேரில் ஒருவர் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள். அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சாலையின் வலது ஓரத்தில் ஓட்ட வேண்டும், முந்துவது இடது பக்கமாக. முந்தும்போது "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் கார் வந்தால் "கார் பேக்", நிற்கப் போகிறீர்கள் என்றால் "ஸ்டாப்பிங்". மணிக்கணக்கில் இந்தக் குரல்கள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அங்கே வாங்கும் சைக்கிளில் முன் பிரேக் இடது கையில் இருக்கும். இங்கே பெரும்பாலும் வலது கையில். கை பழகாமல் இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவீர்கள். போன உடனே ஒரு காலி வாகன நிறுத்தத்தில் இதைப் பத்துப் பதினைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

சரி, மலைக்கு வருவோம். கிங் சிட்டியை விட்டு ஜோலோன் சாலையில் ஏறியதும் காலையிலேயே வருவது குவாட்பஸ்டர் என்று இவர்கள் பெயர் வைத்திருக்கும் ஏற்றம். தொடையின் முன்தசையை உடைப்பது என்று அர்த்தம். முந்தைய இரவு முழுக்க முகாமில் இதைப் பற்றித்தான் பேச்சு, பழையவர்கள் புதியவர்களை நன்றாகப் பயமுறுத்துவார்கள். உண்மையில் அது ஊட்டி மலையும் இல்லை, கொல்லிமலையும் இல்லை. சீராக, நீளமாக ஏறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், முன்னால் 34 பல், பின்னால் 32 பல் மாதிரி, வைத்திருந்தால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் முழு பலத்தையும் பெடலில் போட்டுக்கொண்டே கியர் மாற்றினால் செயின் நழுவும், சில சமயம் அறுந்தே போகும். அன்று காலையில் மெக்கானிக்குகளுக்கு அதிக வேலை கொடுப்பது இப்படிப்பட்ட செயின்கள்தான்.

அங்கே பார்க்க வேண்டியது வேறு. மேலே போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி கீழே இறங்குவார்கள். தடுமாறுகிற யாராவது ஒருவருக்குப் பக்கத்தில் வந்து பேசிக்கொண்டே கூட ஏறுவார்கள். ஊர் எது, எத்தனையாவது தடவை, யாருக்காக ஓட்டுகிறீர்கள் என்று. கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். சட்டையின் முதுகில் ஒரு பெயரும் இரண்டு வருடங்களும் எழுதி ஒட்டியிருப்பவர்கள் உண்டு. ஏறுகிறவருக்குப் பின்னால் போகும்போது வேறு எங்கும் பார்க்க முடியாது, அந்தப் பெயரைத்தான் படித்துக்கொண்டே போக வேண்டும். உச்சியில் பாட்டு, மணிச் சத்தம், கைதட்டல். இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கும் அதே கைதட்டல்தான்.

இந்த இடத்தில் பாசிட்டிவ் பெடலர்ஸ் என்ற குழுவைச் சொல்லியாக வேண்டும். எச்ஐவி தொற்றோடு வாழ்கிறவர்கள், அதை மறைக்காமல் அந்தப் பெயரோடே ஓட்டுகிறவர்கள். உங்களை முந்திக்கொண்டு போகிறவர் முப்பது வருடமாகத் தொற்றோடு வாழ்கிறவராக இருக்கலாம். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு சாத்தியமானது இது. அதற்கு முந்தைய வருடங்களில் இதன் முன்னோடிப் பயணம் நடந்தபோது, அடுத்த ஆண்டு வருவோமா என்று தெரியாமல் ஓட்டியவர்கள் இருந்தார்கள்.

மலை இறங்கியதும் சாலை பழுப்புக் குன்றுகளுக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே போகும். 15 முதல் 20 மைலுக்கு ஒரு நிறுத்தம். பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வழியில் மோர்ப்பந்தலும் அன்னதானமும் போட்டு வைத்திருப்பார்களே, அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், இங்கே பந்தல்காரர்கள் வேஷம் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தக் குழுவும் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு கரு வைத்துக்கொண்டு, விக்கும் பாவாடையும் பளபளப்புமாக நின்று, பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே வாழைப்பழம் நீட்டுவார்கள். ஆறடி உயர ஆண் ஒருவர் கவுனும் காதணியுமாக வந்து "கண்ணு, சன்ஸ்கிரீன் போட்டியா?" என்ற தொனியில் ஆங்கிலத்தில் கேட்கும்போது நம் ஆட்களுக்கு முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இரண்டாம் நாள் நீங்களாகவே முகத்தைக் காட்டுவீர்கள்.

நிறுத்தத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் தண்ணீர் பாட்டில்களை நிரப்புவது, அப்புறம் கழிப்பறை, அப்புறம் சாப்பாடு, சன்ஸ்கிரீன், கிளம்பு. உட்காரவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நிழலில் சாய்ந்து கால் நீட்டிவிட்டால் எழுந்திருக்கும்போது கால் மரமாகியிருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கால் வலித்து நின்றவர்களைவிடச் சாப்பிடாமல் நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து மொத்தமாக 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். அன்றைய தூரத்துக்கு அது போதாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம் இருக்கும், ஆக மணிக்கு இரண்டு பழம் அல்லது அதற்கு ஈடானது. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று விட்டால் சட்டென்று ஒரு கட்டத்தில் உடம்பு அணைந்துவிடும். கை நடுங்கும், எரிச்சல் வரும், சும்மா கண்ணீர் வரும். நிறுத்தங்களில் நிலக்கடலை வெண்ணெய் தடவிய பிஸ்கட், ஆரஞ்சுத் துண்டுகள், உப்பு பிஸ்கட், ஊறுகாய் வெள்ளரி எல்லாம் இருக்கும். நாக்குக்குப் பிடிக்கிறதோ இல்லையோ சாப்பிட வேண்டும். உப்புப் போட்ட தயிர்சாதம் ஒரு டப்பா கிடைத்தால் இவை அத்தனையையும் விட்டுவிடுவேன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறேன்.

அடுத்தது வெயில். சென்னைக்காரர் ஆதலால் வெயிலுக்குப் பழகியவன் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே ஏமாறுவது அப்படித்தான். சென்னையில் வேர்வை வழிவது தெரியும், சட்டை நனையும், உடனே தண்ணீர் குடிப்போம். பாசோ ரோபிள்ஸ் பக்கம் ஜூன் பிற்பகலில் வெப்பம் 38 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, ஆனால் காற்றில் ஈரமே இருக்காது. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு வறண்டிருக்கும், வேர்க்கவில்லை என்று தோன்றும். ஹெல்மெட்டைக் கழற்றிப் பாருங்கள், தாடையில் படும் வாரில் வெள்ளைக் கோடுகளாக உப்பு பூத்திருக்கும். நீங்கள் இழந்ததற்கு அதுதான் ரசீது. இதை ஈடுகட்ட வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுதல் எல்லாம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஒரு பாட்டிலில் தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் என்று மாற்றி மாற்றிக் குடிப்பதுதான் வழி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மருத்துவக் கூடாரம் ஒன்று இருக்கும். தலை சுற்றினால் வெட்கப்படாமல் போய் உட்காருங்கள்.

வெளியே யாரும் பேசாத இன்னொரு விஷயம், உட்காரும் இடம். ஏழு நாள் ஒரே சீட்டில் உராய்ந்தால் தோல் புண்ணாகும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, காலையிலும் மதியமும் உராய்வுக் களிம்பு பூச வேண்டும், மாலையில் வந்த உடனே அந்தக் கால்சட்டையை மாற்றிவிட வேண்டும். நிறுத்தத்தில் பெரிய டப்பாவில் களிம்பு வைத்திருப்பார்கள். ஒரு தடவை எடுத்த கையை மறுபடி டப்பாவுக்குள் விடாதீர்கள். பட்டப்பகலில், இருநூறு பேர் நடுவில், ஒரு வங்கி அதிகாரியும் ஒரு கல்லூரிப் பையனும் அடுத்தடுத்து நின்று கால்சட்டைக்குள் கைவிட்டுக் களிம்பு பூசிக்கொண்டே வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் அந்தஸ்து எல்லாம் போவது அந்த டப்பாவுக்குப் பக்கத்தில்தான்.

மதியச் சாப்பாடு பிராட்லியில். 2010 கணக்கெடுப்பில் 93 பேர் இருந்த ஊர் அது. ஒரு பள்ளிக்கூடம், சில வீடுகள், அதோடு சரி. பல வருடங்களாக இந்தப் பயணம் அந்த ஊரைக் கடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் பெரிய அடுப்புகளைப் போட்டு பர்கர் சுட்டு விற்பார்கள். வரும் காசு பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா போன்ற செலவுகளுக்கு. பிள்ளைகள்தான் காசு வாங்குவார்கள், தட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஊர் ஜனத்தொகையைப் போல இருபது மடங்குக் கூட்டம், பளபளக்கும் உடைகளில், காலில் கிளிக் கிளிக் என்று சத்தம் போடும் காலணியோடு வந்து வரிசையில் நிற்கும். கிராமத்து அமெரிக்கா வேறு, சான் பிரான்சிஸ்கோ வேறு என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அந்த இரண்டும் ஒரு பர்கர் வரிசையில் சந்திப்பதை அங்கே பார்க்கலாம். யாரும் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. சைவம் என்றால் பயணக்காரர்கள் தரும் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடக் காசுப் பெட்டியில் போடுவதைப் போட்டுவிட்டு வரலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பகுதிதான் அந்த நாளின் கஷ்டமான பகுதி. மலையை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள், இதை மறந்துவிடுவார்கள். கைதட்ட ஆள் இல்லை, வயிறு கனக்கும், தார்ச்சாலை கீழேயிருந்து சுடும். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளிப்புறம் ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது அது. கையை அடிக்கடி இடம் மாற்றிப் பிடித்தால் குறையும். சான் மிகேல் என்ற சின்ன ஊர் வரும். அங்கே 1797-இல் ஸ்பானியர்கள் நிறுவிய மிஷனின் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. நின்று பார்க்கலாம், முக்கியமாக அதன் நிழலில் நிற்கலாம்.

முடியவில்லை என்றால்? வண்டி வரும். ஓரமாக நின்று சைகை காட்டினால் போதும், சைக்கிளையும் உங்களையும் ஏற்றி அடுத்த நிறுத்தத்தில் விடுவார்கள். நிறுத்தம் மூடும் நேரத்துக்குள் நீங்கள் போய்ச் சேராவிட்டால் அவர்களே ஏற்றிவிடுவார்கள். ஒவ்வோர் அங்குலமும் மிதித்தே தீருவேன் என்று வீறாப்போடு வருகிறவர்கள் இதற்கு அழுவதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், மூன்றாம் நாளில் பத்து மைல் வண்டியில் போனவர் நாலாம் நாள் முழுவதும் ஓட்டுகிறார். மூன்றாம் நாளில் வீம்புக்கு ஓட்டியவர் மிச்ச நாட்களை மருத்துவக் கூடாரத்தில் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு கழிக்கிறார். நன்கொடை கொடுத்தவர் யாரும் அங்குலக் கணக்குக் கேட்பதில்லை.

மாலையில் பாசோ ரோபிள்ஸ் கண்காட்சித் திடலில் முகாம். சைக்கிளை நிறுத்துமிடத்தில் விட்டுவிட வேண்டும், இரவு முழுக்கக் காவல் உண்டு. லாரியில் பை, கூடாரம் கட்டுதல், லாரி மேலேயே அமைத்த குளியலறையில் குளியல். துணியைக் கையால் அலசி சைக்கிள் மேலேயே காயப்போடுவார்கள், அந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சாப்பாட்டுக் கூடாரத்தில் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே யார் வேண்டுமானாலும் இருக்கலாம். மேடையில் மறுநாள் பாதை, காற்று, எந்த இறக்கத்தில் கவனம் தேவை என்றெல்லாம் சொல்வார்கள். பயணத்தில் சில இடங்களில் 101 நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே போக வேண்டி வரும். வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பித் துணுக்குகள் கிடக்கும், அவை டியூபைத் துளைத்துவிடும். டியூபை மாற்றினால் மட்டும் போதாது, டயரின் உள்பக்கம் விரலால் மெல்லத் தடவி அந்தக் கம்பியை எடுக்காவிட்டால் அடுத்த மைலில் மறுபடி பஞ்சர். ஒன்பது மணிக்கு முகாம் அடங்கிவிடும். காதடைப்பான் கொண்டு போங்கள், குறட்டைக்கு இனம் மொழி வேறுபாடு கிடையாது.

மற்ற நாட்களுக்கும் அதனதன் விசேஷம் உண்டு. ஐந்தாம் நாள் எல்லோரும் சிவப்பு உடுத்துவார்கள், வளைந்த சாலையில் அந்த வரிசையே எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பனாகத் தெரியும் என்பதற்காக. ஆறாம் நாள் இரவு வெஞ்சுரா கடற்கரையில் மெழுகுவத்தி ஏந்தி நிற்பார்கள். அவற்றை விவரிக்கப் போவதில்லை.

இப்போது பணக் கேள்வி. நியாயமான கேள்வி, இதைக் கேட்காமல் சேருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆச்சரியம். இந்தப் பயணத்தின் முன்னோடி 1994-இல் டான் பலோட்டா என்பவர் தன் நிறுவனத்தின் மூலம் நடத்திய கலிபோர்னியா எய்ட்ஸ் ரைடு. முதல் தடவை ஐநூறு பேருக்கும் குறைவு. பிறகு கூட்டம் பெருகியது, கூடவே செலவும். திரட்டிய பணத்தில் பெரும்பங்கு பயணத்தை நடத்தவே போகிறது என்ற விமர்சனம் வலுத்தது. பணத்தைப் பெற்றுவந்த சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் அறக்கட்டளையும் லாஸ் ஏஞ்சலிஸ் பால்புதுமையர் (எல்ஜிபிடி) மையமும் பிரிந்து வந்து, 2002 முதல் எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் என்ற பெயரில் தாங்களே நடத்தின. அதே ஆண்டில் பலோட்டாவின் நிறுவனம் மூடப்பட்டது. செலவு செய்யாமல் பெரிய நிதி திரட்ட முடியாது என்று அவர் பிற்பாடு ஊர் ஊராக வாதாடினார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் பேருக்கு ஏழு நாள் சோறு, குளியல், மருத்துவம், லாரி என்றால் அது சின்னச் செலவாக இருக்க வழியே இல்லை. கடைசியில் இந்தப் பயணம் நின்றதற்கும் அதே செலவு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதற்குள் முன்னோடியையும் சேர்த்து 30 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தார்கள். அந்தப் பணம் இலவச எச்ஐவி பரிசோதனை, தடுப்பு மாத்திரை, சிகிச்சை, ஆலோசனை என்று போனது.

வேறு மாதிரியும் உண்டு. மாசசூசெட்ஸில் 1980 முதல் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச், டானா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனைக்காக. அங்கே ஓட்டுகிறவர் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவமனைக்குப் போகிறது, நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் புரவலர்களும் ஏற்கிறார்கள். மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நீங்கள் எதில் சேர்வதானாலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, நடத்தும் செலவு யார் கையிலிருந்து போகிறது என்பது.

நேராகக் கொடுப்பது மேலா? உங்கள் சொந்தப் பணத்தை மட்டும் பார்த்தால், ஆமாம், நேராகக் கொடுப்பதே சரி. ஆனால் எய்ட்ஸ்/லைஃப்சைக்கிளில் பல வருடங்களுக்குக் குறைந்தபட்சம் 3,000 டாலர் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. அதைக் கையிலிருந்து போடுகிறவர்கள் குறைவு. அலுவலக நண்பர்கள், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாற்பது ஐம்பது பேரிடம் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். நீங்கள் கேட்டிராவிட்டால் அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள். கலிபோர்னியாவில் பல நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையாகத் தாங்களும் கொடுக்கும், அதை மறக்காமல் கேளுங்கள்.

கேட்பதிலேயே ஒரு காரியம் நடக்கிறது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எய்ட்ஸ் நிதிக்கு சைக்கிள் ஓட்டுகிறேன்" என்று போட்டுப் பாருங்கள். காலை வணக்கத்துக்கு இருபது பூங்கொத்து வரும் குழுவில் அரை நாளுக்குச் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு சித்தி தனியாகப் போன் செய்து, "ஏன்டா, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்பார். இல்லை என்று சொல்லி முடித்த பிறகு, அவர் பத்து வருடமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வரும். தொட்டால் வருமா, கொசுவால் வருமா. இந்தியாவில் எச்ஐவியை முதன்முதலில் கண்டுபிடித்ததே 1986-இல் சென்னையில்தான், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் என்று சொன்னால் நம் ஆட்களே ஆச்சரியப்படுவார்கள்.

உங்களால் முடியுமா என்றால், முடியும். மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவருக்குத் தூரம் பிரச்சினை இல்லை, மறுநாளும் ஓட்டுவதுதான் பிரச்சினை. ஆகவே சனிக்கிழமை ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்காதீர்கள், அன்றும் பாதி தூரமாவது ஓட்டுங்கள். சென்னை சமதரை என்பதால் ஏற்றத்துக்கு எதிர்க்காற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஈசிஆரில் பிற்பகல் கடற்காற்றில் ஓட்டினால் கால் பழகும். வெயில் ஏறிய பிறகு ஓட்டுவதாக இருந்தால் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே ஓட்டுவதையும் இப்போதே பழகுங்கள், வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும். சீட்டும் காலணியும் கால்சட்டையும் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடிவாகிவிட வேண்டும். அதன் பிறகு எவ்வளவு நல்ல சீட் கிடைத்தாலும் மாற்றாதீர்கள். சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோவதைவிட அங்கே போய் உயரத்துக்குப் பொருத்தம் பார்த்து வாங்குவது நல்லது. பதிவு செய்யும்போது ஓட்டுகிறவராகச் சேரத் தயக்கமாக இருந்தால், முதல் வருடம் தொண்டராகப் போங்கள். நிதி திரட்டும் நிபந்தனை பெரும்பாலும் தொண்டர்களுக்கு இருக்காது, ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதையும் உள்ளேயிருந்தே பார்த்துவிடலாம்.